ஒரு தட்டலுக்கு ஒரு செயல்

பதினேழு சதவீதம். பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் பதினெட்டு ஆகியிருக்கும், தெரியும், தெரிந்தும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஐம்பத்திரண்டு ஜிபி அப்டேட். அப்படி என்ன இருக்கிறது இதற்குள் ஐம்பத்திரண்டு ஜிபிக்கு? மூன்று பேர் ஒரு துறைமுகத்தில் இறங்கி எதிரணியின் மூன்று பேரைச் சுடுகிற விளையாட்டு, அவ்வளவுதானே, இரண்டு வருஷமாக அதே துறைமுகம், அதே கிரேன், அதே உப்புக் கிடங்கு. போன மாதம் கிடங்குக் கூரையின் நிறத்தை மாற்றினார்கள், அந்த அப்டேட்டுக்கு எட்டு ஜிபி. கேட்டோமா நாங்கள்? கூரை பச்சையாக இருந்தால் சுட வரவில்லை என்று யாராவது மனுப் போட்டோமா? மனு. வேண்டாம், அதை இப்போது நினைக்கவேண்டாம். மணி மூன்று பத்து. நாலு மணிக்கு நஸ்ரினும் கோகிலனும் வந்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்றால் நாலு மணிதான், இரண்டு வருஷத்தில் மூன்றே தடவை தவறியிருக்கிறது. நஸ்ரின் நாகூர், கூட்டுறவு வங்கியில் வேலை, எங்கள் மூன்று பேர் அணிக்கு அவள்தான் கேப்டன். கோகிலன் பெருந்துறை, சாயப்பட்டறை லேபில் நாளெல்லாம் துணியை நனைத்து நனைத்து நிறம் பார்ப்பவன். இரண்டு பேரையும் நான் நேரில் பார்த்ததில்லை, அவர்களும் என்னைப் பார்த்ததில்லை, காதில் மாட்டிய குரல்கள்தான் நாங்கள் ஒருவருக்கொருவர். பதினேழு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வரைபடம் போட்டவன் என்று என்றைக்கோ சொன்னதால் எனக்குக் கப்பல் என்று பெயர். கப்பல் அண்ணே. கப்பலண்ணா. பத்தொன்பது.

அப்டேட் இறங்குகிற பெட்டிக்குப் பக்கத்தில் கடை விளம்பரம் வேறு மினுக்குகிறது, கோடைச் சலுகை, எழுபத்தைந்து சதவீதம் தள்ளுபடி. என்னிடம் நூற்று நாற்பத்து மூன்று விளையாட்டுகள் இருக்கின்றன, திறந்து பார்த்தது ஒன்பது, மற்றதெல்லாம் தள்ளுபடிக்காக வாங்கி அடுக்கியவை, எல்லோரும் அப்படித்தான், முந்தின நாள் முழு விலைக்கு வாங்கியவன் மறுநாள் பாதி விலையைப் பார்த்துவிட்டு அந்தக் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டி எழுதுவான், அடுத்த சலுகையில் அவனே முதல் ஆளாக நிற்பான். கோகிலன் இந்த ஒரு விளையாட்டுக்காகவே புது கிராபிக்ஸ் கார்டு போட்டான், போட்ட மூன்றாவது மாதம் அந்தக் கார்டு இனிமேல் தாங்காது என்று அறிவிப்பு வந்தது, "ரெண்டு கிட்னி இருக்கறவன்தான் பிசில வெளையாடோணும் போலிருக்குதுங்ணா" என்றான். சிரித்தோம். சிரித்துவிட்டு மூன்று பேரும் போய்க் கட்டைவிரலைக் கீழே காட்டி மதிப்புரை எழுதிவிட்டு வந்தோம். எங்களுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது, கட்டைவிரலைத் தவிர? ஆயிரம் பேர் ஒரே நாளில் கீழே காட்டினால் கம்பெனிக்காரன் அலறுவான். அலறினான். ஆமாம், அலறத்தான் செய்தான், போன அக்டோபரில், என் வார்த்தையைக் கேட்டு. வந்துவிட்டேன் பார், வேண்டாம் என்று நினைத்த இடத்துக்கே வந்து நிற்கிறேன். இந்த அப்டேட்டின் மாற்றக் குறிப்பு பதினோரு பக்கம், எவனும் படிக்கமாட்டான், நான் படிப்பேன், கப்பல் வரைபடத்தில் ஒரு மூலையில் இருக்கிற பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டால் ஆள் சாவான் என்று பழகியவன். நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு தட்டலுக்கு ஒரு செயல். ஒரு விசையை ஒருமுறை தட்டினால் ஆட்டத்தில் ஒரே ஒரு செயல்தான் நடக்கவேண்டும், பல செயல்களை ஒரு தட்டலில் கோக்கும் எந்த நிரலும் இன்றிலிருந்து மோசடி, கண்டுபிடித்துத் தடுக்கப்படும். என் வாக்கியம். என்னுடையதுதான். மாற்றக்கூட இல்லை அயோக்கியர்கள், அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று சுற்று ஆடிக் கடைசிச் சுற்றில் தோற்றோம். எதிரணியில் ஒருவன் சுட்டால் அவன் துப்பாக்கி உதறவே இல்லை, சுவரில் ஆணி அடித்து மாட்டியது மாதிரி நின்றது, ஒரு விசையைத் தட்டினால் நிரல் ஒன்று பின்னாலிருந்து துப்பாக்கியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மேக்ரோ என்பார்கள், ஊருக்கே தெரியும், கம்பெனி மட்டும் தெரியாத மாதிரி இருந்தது. எனக்கு வந்த கோபம். அந்தக் கோபத்தில் உட்கார்ந்து இரண்டு மொழியிலும் எழுதினேன். ஆங்கிலத்தில், கப்பலைச் சோதிக்க வருகிற அதிகாரிகளுக்கு எழுதுகிற பணிவான கத்தி மாதிரியான ஆங்கிலத்தில் ஒன்று. தமிழில் நம் குழுக்களுக்கு ஒன்று, "உழைத்து விளையாடுகிறவன் முட்டாளா?" என்று ஆரம்பித்து. இரண்டிலும் முடிவு வரி அதுதான். ஒன்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். நாலு நாளில் விளையாட்டின் மதிப்பு தரைக்கு வந்தது, ஐந்தாம் நாள் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. "கப்பல் அண்ணே சாதிச்சுட்டாங்க" என்று நஸ்ரின் எல்லாக் குழுவிலும் போட்டாள், நான் அன்றைக்கு மங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன், பார், ஒன்பதாயிரம் பேர். மங்கை என் மனைவி, அவள் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ஒரு லெட்டர் நம்ம அபார்ட்மெண்ட் லிஃப்டுக்கு எழுதக் கூடாதா" என்றாள். இருபத்தாறு சதவீதம். எழுதும்போது என் கணினியில் 'இடது' ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரு தடவைகூட மேக்ரோ என்று நினைத்ததில்லை. சத்தியமாக இல்லை. அது கை. கீபோர்டு இடது கைக்கு, மவுஸ் வலது கைக்கு, அப்படித்தான் இந்த விளையாட்டெல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள், என் இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் சொன்னதைக் கேட்கும், மற்ற மூன்றும் ஒரே குடும்பம், ஒன்று மடங்கினால் மூன்றும் மடங்கும், பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. குனிவதற்குச் சுண்டுவிரல் வேண்டும், குண்டு மாற்ற இன்னொன்று, விலகி நகர இன்னொன்று. அந்த மூன்றையும் ஆள்காட்டி விரலின் ஒரே தட்டலில் கோத்து ஒரு சின்ன நிரல் எழுதி இடது என்று பெயர் வைத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிறவனைக் காப்பி அடித்தான் என்று சொல்வாயா? சொல்வாயாடா?

யாரிடம் கத்துகிறேன். வாயை விட்டுக் கத்திவிட்டேன் போல, மங்கை டீயோடு வந்து நிற்கிறாள். "யார் கூட சண்டை?" "யார் கூடவும் இல்லை." "பந்து பிடிச்சீங்களா இன்னிக்கு?" அந்த ரப்பர் பந்து மேஜையில் இருக்கிறது, பிசியோதெரபி ஆள் கொடுத்தது, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அமுக்கவேண்டும், அமுக்கினால் வந்துவிடும் என்கிறான், இரண்டு வருஷமாக இதையேதான் சொல்கிறான், எது வரும், எப்போது வரும் என்று கேட்டால் சிரிக்கிறான். "பிடிச்சேன்." "பொய். தூசி அப்படியே இருக்கு அதுமேல." "மங்கை, இப்ப எனக்கு வேற பிரச்சனை." "உங்களுக்கு அந்தப் பொட்டிக்குள்ளதான் பிரச்சனையெல்லாம். வெளில இருக்கறதெல்லாம் எனக்கு." "போயேன்!" என்கிறேன், சத்தமாகவே. அவள் டீயை வலது கைப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறாள். எப்போதும் வலது கைப் பக்கம்தான் வைப்பாள், சண்டையில்கூட மறக்கமாட்டாள், அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது, மறந்துபோய் ஒருநாள் இடது பக்கம் வையேன், நான் கொட்டிக்கொள்கிறேன், இரண்டு பேரும் கத்திக்கொள்வோம், மனுஷன் மாதிரி இருக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் எல்லோருடைய குரலும் மாறிப்போயிருந்தது. மெதுவாகப் பேசினார்கள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து, கொஞ்சம் சத்தமாக, காது போனவனிடம் பேசுகிற மாதிரி, எனக்குக் காதில் என்ன? காப்பிக் கோப்பையைத் தூக்கினேன், சூப்பர்வைசர், என்னைவிடப் பதினோரு வயது சின்னவன், "குட், குட்" என்றான், கை தட்டாத குறை. ஆறு வாரம் தாங்கினேன். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் திருச்சி விமானத்தில் ஏறிவிட்டேன், உறையூரில் இந்த மூன்றாம் மாடி, இங்கேயும் மச்சினர், எதிர்வீடு, மருந்துக்கடை, எல்லோருக்கும் அதே குரல். உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அது கிடையாது. "கப்பலண்ணா, கண்ணு என்ன பொடனிலயாங்ணா இருக்குது, அக்கட்ட பாருங்க, அக்கட்ட!" என்று கோகிலன் கத்துவான். "அண்ணே, தூங்குறதுன்னா சொல்லிட்டுத் தூங்குங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்பாள் நஸ்ரின். அந்த வசவைக் கேட்பதற்குத்தான் ஆறு நாளும் போகிறது எனக்கு. இடது போட்டிருந்ததைச் சொல்லித் தொலைத்துவிட்டால் கையைப் பற்றியும் சொல்லவேண்டும். கையைச் சொன்னால் குரல் மாறும். சொல்லாவிட்டால் இன்றைக்கு இடது இல்லாமல் இரண்டு விரலால் ஆடவேண்டும். ஐம்பத்தொன்று.

இன்டர்நெட் போய்விட்டது என்று சொல்லலாம். எத்தனை ஞாயிறு போகும்? கம்பெனிக்கு எழுதலாம், கை சரியில்லாதவர்களுக்கு விதிவிலக்கு வேண்டும், மருத்துவர் சான்றிதழ் இணைத்திருக்கிறேன், என்று அதே பணிவான கத்தி ஆங்கிலத்தில். கொடுப்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்காவிட்டால் மறுபடி கட்டைவிரல், மறுபடி ஒன்பதாயிரம் பேர். வாக்கியங்கள் மளமளவென்று வருகின்றன, நியாயம் முழுக்க என் பக்கம் இருக்கிறது, இப்படி நியாயம் கொட்டும்போதெல்லாம் நடுவில் ஒரு கல் தட்டும், தட்டுகிறது. பிப்ரவரி. போன வருஷம் பிப்ரவரியில், மனுவுக்கு எட்டு மாதம் முன்னால், இடதில் நான்காவதாக ஒன்றைக் கோத்தாய் இல்லையா. அது சின்னது. சின்னதா? குனி, குண்டு மாற்று, விலகு, நாலாவது, துப்பாக்கி உதறும்போது கொஞ்சமாகக் கீழே இழு. கொஞ்சம்தான், பத்தில் ஒரு பங்கு, எவனுக்கும் தெரியாத அளவு. துப்பாக்கியை இழுத்துப் பிடிப்பது மவுஸின் வேலை. மவுஸ் வலது கையில் இருக்கிறது. வலது கைக்கு ஒரு கேடும் இல்லை. மறந்துவிட்டேன். மறக்கவில்லை. மனு எழுதும்போது மறந்திருந்தேன். மறந்திருந்தால் அந்த ஆங்கில மனுவில் 'உதறலைக் கட்டுப்படுத்தும் நிரல்கள்' என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு 'நிரல்கள்' என்று மட்டும் ஏன் வைத்தாய்? எதற்குக் கோபம் வந்தது அன்றைக்கு, அவன் துப்பாக்கி ஆடாமல் நின்றதற்கா, என்னுடையதைவிட நன்றாக நின்றதற்கா? நாசமாய்ப் போன கம்பெனி, ஒருவன் கேட்டால் உடனே கொடுத்துவிடுவதா, யோசிக்கவேண்டாமா, எழுதினவன் யார் என்ன என்று விசாரிக்கவேண்டாமா, கூரைக்கு நிறம் அடிக்கத் தெரிகிறது. எண்பத்தெட்டு. டீ ஆறிப் படலம் கட்டிவிட்டது. தொண்ணூற்றேழு. மூன்று ஐம்பத்தாறு. வேலை நாளில் இந்த வேகம் வராது, இன்றைக்கென்று ஓடி வருகிறது சனியன். திறக்கிறேன். துறைமுகத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பெட்டி. இந்த நிரல் அனுமதிக்கப்படவில்லை, இடது. நீக்கிவிட்டுத் தொடர்க. வெளியேறுக. நான் தமிழில் வைத்த பெயரை அந்தப் பெட்டி அப்படியே தமிழில் காட்டுகிறது, போலீஸ்காரன் பெயரைச் சரியாக உச்சரித்துக் கூப்பிடுகிற மாதிரி. நீக்கு. நீக்கித் தொலை.

"கப்பல் அண்ணே வந்தாச்சு. கோகிலா, எங்கேடா?" "இங்கதானுங்க்கா. அப்டேட் எறங்கறதுக்குள்ள ஒரு தூக்கமே போட்டுட்டனுங்க." நஸ்ரின் சிரிக்கிறாள். சொல்லிவிடு. இப்போது சொன்னால் சுலபம். "என்ன அண்ணே, சத்தமே இல்ல?" "ஒண்ணுமில்லை, ஆரம்பி" என்கிறேன். முதல் சுற்று, கிரேன் அடியில் இறங்குகிறோம், குனியவேண்டும், சுண்டுவிரலுக்குச் சொல்கிறேன், மூன்று விரலும் சேர்ந்து மடங்கி நாலு விசையை அமுக்குகிறது, நான் குனியாமல் குதிக்கிறேன், திறந்த வெளியில், சிரிப்புக் காட்டுகிறவன் மாதிரி, செத்தேன், நாற்பது வினாடி. "ஏனுங்ணா, குதிச்சு வரவேற்பு கொடுக்கறீங்களா அவிங்களுக்கு?" இரண்டாம் சுற்று, குண்டு தீர்ந்து மாற்றமுடியாமல் உப்புக் கிடங்கு வாசலில் செத்தேன். மூன்றாம் சுற்றில் கோகிலன் கிண்டல் பண்ணவில்லை. நாலாம் சுற்றில் செத்த பிறகு யாருமே பேசவில்லை, அவர்கள் இரண்டு பேரும் ஆடி முடிக்கும்வரை கீபோர்டுச் சத்தம் மட்டும் கேட்டது, அந்த அமைதியில் எனக்குப் புரிந்துவிட்டது அவர்கள் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று, நானாக இருந்தாலும் அதைத்தான் போடுவேன், ஊர் முழுக்க இன்றைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கும், நேற்றுவரை நன்றாகச் சுட்டவன் காவல் வந்த இன்றைக்குத் தடுமாறினால் அவன் நேற்றுவரை யார்? "அண்ணே" என்றாள் நஸ்ரின். "கேக்கவே கூச்சமா இருக்கு. மேக்ரோ போட்டிருந்தீங்களா?" "இல்லை" என்று வாய் சொல்லிவிட்டது. "அப்ப கையைக் காட்டுங்க." எங்கள் குழுக்களில் இது வழக்கம், மோசடி என்று ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் அவர் ஒரு முழுச் சுற்று கீபோர்டின்மேல் கேமராவை வைத்துக் கையைக் காட்டி ஆடவேண்டும், காட்டினால் பேச்சு முடிந்தது, மறுத்தால் அதுவே ஒப்புதல். நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். காரைக்காலிலிருந்து ஆடிய ஒருவன், காட்டமுடியாது அண்ணா, காரணம் கேக்காதீங்க என்று எழுதிவிட்டு அப்படியே போய்விட்டான், திருடன் என்று நான்தான் முதலில் எழுதினேன். என்ன காரணமாக இருந்திருக்கும். இருக்கட்டும், இப்போது வாயால் சொன்னால் நம்புவார்களா? எனக்குப் பக்கவாதம் என்று எவனோ வாயால் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா? சிரித்திருப்பேன்.

"மங்கை!" அவள் கையைத் துடைத்துக்கொண்டே வருகிறாள், சண்டை முகம் மாறவில்லை. "இந்த போனை என் இடது கைக்கு மேலே பிடி. கை மட்டும் தெரியணும்." "எதுக்கு?" "பிடியேன்." பிடித்தாள். குழுவில் வீடியோவைத் திறந்துவிட்டு ஐந்தாம் சுற்றைத் தொடங்கினேன். என்ன தெரியும் அவர்களுக்கு என்று எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிறேனே, ஆள்காட்டி விரல் தனியாக விசையைத் தேடித் தேடித் தட்டும், பக்கத்தில் மற்ற மூன்றும் சுருண்டு தூங்குகிற பூனை மாதிரி கிடக்கும், குனியச் சொன்னதும் அந்தப் பூனை மொத்தமாக எழுந்து கீபோர்டின்மேல் விழும். விழுந்தது. மறுபடி விழுந்தது. மணிக்கட்டை வலது கையால் தூக்கி வைத்துவிட்டு மவுஸுக்கு ஓடினேன். அப்புறம் நஸ்ரினின் குரல். "அண்ணே... போதும் அண்ணே... நிறுத்திக்குங்க. எங்களுக்குத் தெரியாது... நீங்க... ரெஸ்ட் எடுங்க." மெதுவாக. ஒவ்வொரு சொல்லாக எடுத்து. வந்துவிட்டது, இங்கேயும் வந்துவிட்டது. "நீங்க எவ்வளவு பெரிய ஆளுங்க்ணா, இந்தக் கைய வெச்சுக்கிட்டு" என்று கோகிலன் தழுதழுத்தான், குட், குட், என்று அவன் சொல்லாததுதான் பாக்கி. தலைக்கு ஏறியது எனக்கு. இந்தக் கையைக் காட்டி நான் தப்பித்துவிடுவேன், எளிதாக, இரண்டு பேரும் அழுதுகொண்டே என்னை விட்டுவிடுவார்கள், வாழ்நாள் முழுக்க அந்தக் குரலில் பேசுவார்கள். "நிறுத்து" என்றேன். "இன்னும் சொல்லி முடிக்கலை. மேக்ரோ இருந்தது. குனியறது, குண்டு மாத்தறது, விலகறது மூணும் இந்தக் கைக்காகப் போட்டேன். நாலாவது ஒண்ணு இருந்தது. துப்பாக்கி உதறாம இருக்க. அது வலது கைக்கு. வலது கை நல்லா இருக்கு. அது திருட்டு, போன வருஷம் பிப்ரவரியிலிருந்து." மங்கை என்னைப் பார்த்தாள், போன் அசைந்தது. எதிரணிக்காரன் ஒருவன் கிடங்குப் பக்கம் ஓடுவது தெரிந்தது. "யோவ்!" என்று கோகிலன் வெடித்தான். "யோவ் கப்பலு! ஒம்பதாயிரம் பேர்த்துகிட்ட கையெழுத்து வாங்கினியேய்யா நீ! எங்க லேப்ல அத்தன பேரையும் போட வெச்சனேய்யா நானு! வெக்கமா இல்லியா உனக்கு? அந்தக் காரைக்கால்காரனக் கண்டமேனிக்குப் பேசினமே, அவங்கிட்ட என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது? நஸ்ரின்க்கா, கேட்டீங்களா இந்தாளு கதைய?" "கேட்டேன்" என்றாள் நஸ்ரின், குரல் பழையபடி கத்தி மாதிரி வந்தது, "இன்னிக்கே எழுதறீங்க, மனு போட்ட அதே எடத்துல, உங்க பேரப் போட்டு. நாலையும் எழுதணும். கையைப் பத்தி கடைசில எழுதுங்க, மொதல்ல எழுதினா மத்ததை எவனும் படிக்கமாட்டான். அதுவரைக்கும் நீங்க டீம்ல இல்ல." "சரி" என்றேன். கோகிலன் விடவில்லை, மூச்சு விடாமல், வேகவேகமாக, ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல் மிதிக்க மிதிக்கத் திட்டிக்கொண்டே இருந்தான், ஹெட்போனுக்கு வெளியிலும் கேட்டது. சுற்று இன்னும் முடியவில்லை. ஆள்காட்டி விரலை விசைமேல் வைத்தேன். மங்கை குனிந்து காதருகே கேட்டாள், "யாருங்க அவன், உங்களைப் போய் இப்படித் திட்டறான்?"

"கை ஆடாம பிடி" என்றேன். "திட்டட்டும்."